ஆவணியிலேயே ஏணி வையுங்கோ

கார்த்திகை பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, சீலிங்கால ஒழுகுது, மேசன்மார் ஆரும் இருக்கினமோ?" "தம்பி, கடைக்குள்ள கணுக்கால் அளவு வெள்ளம், மோட்டர் ஒண்டு எடுக்கலாமோ?" தென்மராட்சிப் பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். ஆகவே இந்தப் போன்களுக்குத் தப்ப முடியாது. என்னிடம் இருக்கிற பதிலைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். கொட்டுகிற மழையில் கூரையில் ஏறுகிற மேசனும் இல்லை, ஈரச் சுவரில் ஒட்டுகிற பூச்சும் இல்லை. இதெல்லாம் ஆவணியில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை.

சாமான்களைத் தூக்கி மேலே வையுங்கள், ஈரம் படாத இடத்தில் நின்று மெயின் சுவிச்சை நிறுத்துங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். மிச்சத்தை இங்கே எழுதிவைக்கிறேன். சாவகச்சேரியில் கடையோ களஞ்சியமோ அலுவலகமோ ரியூட்டரியோ நடத்துகிறவர்களுக்காகவும், இங்கே கடையைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்காகவும்.

திகதி தெரிந்த மழை

குடாநாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பெரிய அடி விழுந்த நாட்களை எடுத்துப் பாருங்கள். 2008 இல் நிஷா புயல் எங்களை நனைத்தது நவம்பர் கடைசி வாரத்தில். 2020 இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது டிசம்பர் 2 ஆம் திகதி இரவு. 2024 இல் ஃபெங்கல் புதுச்சேரிக்குப் போகிற வழியில் எங்களுக்கு மேல் கொட்டியதும் நவம்பர் கடைசியில்தான். 2025 இல் டித்வா கிழக்குக் கரையில் ஏறி மலைநாட்டையே சரித்தது நவம்பர் 28 ஆம் திகதி. நாலும் கார்த்திகை மாதத்துக்குள் அடங்கிவிட்டன. இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொண்டு வருகிற மழைக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு நிற்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் கடைகள் நிறைந்திருப்பதும் அதே நாட்களில்தான். தீபாவளிக்கு எடுத்து மிஞ்சிய துணி உள்ளே கிடக்கும். நத்தாருக்கு வந்த சாமான் பெட்டி பிரிக்காமல் இருக்கும். பொங்கலுக்கென்று அரிசியும் சக்கரையும் இறங்கும். புத்தகக் கடைகளில் அடுத்த வருட வகுப்புகளுக்கான கொப்பிக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். கடனுக்கு எடுத்த சரக்கு கூடுதலாக இருக்கிற மாதமும் தண்ணீர் கூடுதலாக வருகிற மாதமும் ஒன்று.

வெள்ளம் என்றால் படம் எடுத்துப் போடுவார்கள், செய்தியில் வரும். ஆனால் நான் பார்த்தவரையில் இந்த ஊர்க் கடைகளைக் கூடுதலாகச் சேதமாக்குவது ஒழுக்கும் ஓதமும்தான். சுவரோடு ஒட்டி அடுக்கின கொப்பிக் கட்டில் அடிக்கட்டு மட்டும் ஊறி, ஓரம் மண்ணிறமாகி, ஒட்டிப்போய்க் கிடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாசியில் அடிக்கட்டை இழுக்கும்போதுதான் முதலாளிக்குத் தெரியவரும். அதை ஆரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

நடுப்பீலி

கூரையில் தொடங்குவோம். கண்டி வீதியிலும் சந்தையைச் சுற்றியும் உள்ள கடைகள் பெரும்பாலும் தோளோடு தோள் ஒட்டினவை. இரண்டு கடையின் கூரையும் ஒன்றை நோக்கி ஒன்று சரிந்தால் நடுவில் ஒரு பீலி ஓடும். அந்த நடுப்பீலி ஆருடையது? இரண்டு பேருடையதும். அதாவது ஒருவருடையதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். இருபது அடி அகலம், ஐம்பது அடி நீளமான கடை என்றால் கூரை ஆயிரம் சதுர அடி, ஏறக்குறைய 93 சதுர மீற்றர். கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதினம் இல்லை. அப்படிப் பெய்தால் அந்தக் கூரையில் 9,300 லீற்றர் இறங்கும். நீங்கள் மேலே வைத்திருக்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்பது நிரம்பி வழிகிற தண்ணீர். இரண்டு கடையின் பாதிப் பாதிக் கூரை சேர்ந்தாலும் நடுப்பீலிக்கு வருவது அதே அளவுதான். இதை வெளியேற்ற ஒரு முனையில் இரண்டங்குலக் குழாய் ஒன்றைச் செருகி வைத்திருப்போம். குறைந்தது நாலங்குலக் குழாய் வேண்டும், அதுவும் இரண்டு முனையிலும் வேண்டும். பீலி நிரம்பினால் தண்ணீர் முன்னுக்கு வழியட்டும் என்று வாசல் பக்க விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விடுவதும் நல்லது. வெளியே வழிகிற தண்ணீரால் வாடிக்கையாளர் நனைவார், அவ்வளவுதான். உள்ளே வழிந்தால் சரக்கு நனையும்.

ஒரு நடுப்பீலிக்குள் என்னென்ன இருக்கும் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். கடைசியாக ஏறிப் பார்த்ததில் வேப்பஞ் சருகு சேறாகி நாலு விரல் தடிப்பில் படிந்திருந்தது. அதில் ஒரு அரசங்கன்று வேர்விட்டிருந்தது. புறாக் கூடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடித்துத் தொலைத்த ரெனிஸ் பந்து, யாரோ மேலே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போட்ட லஞ்ச் சீற். குழாய் வாயை அடைத்திருந்தது அந்த லஞ்ச் சீற்தான். கீழே இருந்த துணிக்கடையில் சீலிங் தொய்ந்ததற்கு ஓடு சரியில்லை என்று சொல்லி ஓட்டை மாற்றியிருந்தார்கள். ஓட்டில் ஒரு பிழையும் இல்லை.

சீற் கூரை என்றால் பார்க்க வேண்டியது ஸ்குரூ. சீற்றின் மேட்டில் துளை போட்டால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போகும். பள்ளத்தில் போட்டால் அந்தத் துளைக்கு மேலால்தான் முழுத் தண்ணீரும் ஓடும். மேட்டில் போட்டிருந்தாலும் ஸ்குரூவுக்குக் கீழே இருக்கிற றப்பர் வொஷர் எங்கள் வெயிலில் சில வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும். வொஷர் மாற்றுவது மிகச் சின்னச் செலவு. கைக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் காலுக்கு ஒரு பலகையும் போதும். சீற்றில் நேரடியாக மிதிக்காதீர்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் ஒருநாளும் ஆளைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

கொங்கிறீற் சிலாப் என்றால் சோதிப்பதற்கு மழை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் போகிற துளைகளை அடைத்து, இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். கீழே ஈரம் எங்கே பூக்கிறதோ அங்கே சோக்கால் வட்டம் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இறங்கும்போது கடைசியாக எங்கே தேங்கி நிற்கிறது என்பதையும் பாருங்கள். சரிவு பிழைத்த இடம் அது. சரிவைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் தேங்குகிற தண்ணீர் ஒரு நாள் வழி கண்டுபிடிக்கும்.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. பெயர்ப் பலகை. முன்சுவரில் நாலு இரும்புக் கம்பியை இறக்கிப் பெரிய போர்ட் பூட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர் மாறினால் போர்ட் மாறும், புதுத் துளை விழும். பழைய துளையை ஆரும் அடைப்பதில்லை. போர்ட் மறைத்துக்கொண்டிருப்பதால் தெரிவதும் இல்லை. வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை அந்தத் துளைகளால் சுவருக்குள் போய், சட்டருக்கு மேலே உள்ள லிண்டலில் இறங்கும். கமராவுக்கு, ஏசிக்கு, இன்ரநெற் வயருக்குப் போட்ட துளைகளும் அப்படித்தான். துளையை வெளிப்பக்கம் கீழே சரிவாகப் போடச் சொல்லுங்கள், சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள். போட்டவர் ஏணியில் நிற்கும்போதே சொல்லுங்கள். இறங்கின பிறகு அவர் திரும்ப ஏறமாட்டார்.

எங்கள் கட்டடங்களின் வயது

சாவகச்சேரி நகரம் 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமானது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று நிற்கிற கடைகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தவை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு அவசரமாகக் கட்டினவை ஒரு தொகுதி. 2009 க்குப் பிறகு கட்டினவை இன்னொரு தொகுதி. அதற்கு முந்திய தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குச் சீமெந்து வருவதற்கே தடை இருந்தது. பாதை திறந்ததும் கையில் கிடைத்ததை வைத்துத் தலைக்கு மேலே ஒரு கூரை போட்டால் போதும் என்ற அவசரம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரத்தில் கரையோர மணலைக் கழுவாமல் சேர்த்திருந்தால், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்திருந்தால், உப்பு உள்ளேயே இருக்கிறது.

அந்த உப்புக்கு வேண்டியது ஈரம் ஒன்றுதான். ஈரம் கிடைத்தால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு, தின்னப்பட்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். இடம் போதாமல் கொங்கிறீற்றைத் தள்ளும். முதலில் சிலாப்பின் அடியில் கம்பி போன வழியே நேர்கோடாக வெடிப்பு வரும், பிறகு மண்ணிறக் கறை, பிறகு துண்டு கழன்று விழும். இருபது வருடம் தாண்டின சிலாப்புகளில் இப்போது இதைத்தான் பார்க்கிறேன். நேர்கோட்டு வெடிப்பைக் கண்டால் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேலே மேசனின் வேலை இல்லை.

ஒருவர் உயர, மற்றவர் தாழ

இனி நிலம். எங்கள் ஊர் தட்டை. தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, வடக்கே உப்பாறு, நடுவில் மணல் நிலம். மாரியில் நிலத்தடி நீர் ஏறி வந்து சில கிணறுகளில் கையால் அள்ளலாம் போல நிற்கும். மேலே இருந்து வருகிற தண்ணீருக்குப் போக்கிடம் கானும் வாய்க்காலும் தவிர வேறில்லை. நிலமே நிறைந்துவிட்ட பிறகு அது உறிஞ்சாது.

இதற்குள் வீதி உயர்ந்துகொண்டு போகிறது. காப்பற் போட்ட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறும். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன கடைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. முதலாளி என்ன செய்கிறார்? உள்ளே மண் நிரப்பி, நிலத்தை ஒரு அடி உயர்த்தி, புது மாபிள் பதிக்கிறார். வெள்ளம் இப்போது பக்கத்துக் கடைக்குள் போகிறது. அடுத்த வருடம் பக்கத்துக் கடைக்காரர் ஒன்றரை அடி உயர்த்துகிறார்.

இந்தப் போட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டமும் இருக்கிறது. சுவர் கட்டும்போது அத்திவாரத்துக்கு மேலே ஒரு படை சீமெந்துச் சாந்து போட்டு அதற்கு மேலே தார் ஊற்றி மணல் தூவுவார்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுப்பது அதுதான். பழைய நிலத்துக்கு அரை அடி மேலே இருந்த அந்தத் தார்ப்படை, நீங்கள் மண் நிரப்பி உயர்த்தினதும் புது நிலத்துக்குக் கீழே போய்விடும். பிறகு நிரப்பின மண்ணில் உள்ள ஈரம் தார்ப்படைக்கு மேலால் நேரடியாகச் சுவருக்குள் ஏறும். "நிலத்தை உயர்த்தின பிறகுதான் சுவரில உப்புப் பூக்குது" என்று சொல்லுகிற எல்லாருக்கும் நடந்தது இதுதான். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் மண்ணுக்கு மேலே ஆயிரம் கேஜ் பொலித்தீனை விரித்து, அதைச் சுவரோரத்தில் புது நிலத்துக்கு மேல்வரை மடித்து ஏற்றி, அதற்குப் பிறகு கொங்கிறீற் போடுங்கள்.

முன்னால் ஓடுகிற கானுக்கு வருவோம். அதற்கு மேலே சிலாப் போட்டு, சாந்து பூசி மூடி, அதில் வாழைக்குலையும் பிளாஸ்ரிக் வாளியும் அடுக்கி வைக்கிறோம். நிரந்தரமாக மூடின கானை ஆரும் துப்பரவாக்க முடியாது. நகரசபை ஆள் வந்தாலும் எதைத் திறப்பார்? இரண்டு பேர் தூக்கக்கூடிய, கைபிடிக் கம்பி வைத்த சிறு சிலாப்புகளாகப் போடுங்கள். உள்ளூர்க் கான்களுக்கு நகரசபை, ஏ9 ஓரத்துக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை என்று இரண்டு இடத்துக்கும் ஆடியிலேயே கடிதம் கொடுங்கள். ஒரு கடைக்காரர் தனியே கொடுக்காமல் வரிசை முழுவதும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். ஒட்டிக் கட்டின கடையில் ஒருவர் தன் கடையை மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது. சுவர் பொது, பீலி பொது, கான் பொது. ஐந்தாவது கடைக்கு முன்னால் கான் அடைத்தால் முதலாவது கடைக்குள் வெள்ளம் வரும். ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம், கானும் அப்படித்தான்.

கனடாவில் இருக்கிற முதலாளிக்கு

வாடகைக்கு இருப்பவர் "கூரை முதலாளியின்ர வேலை" என்பார். முதலாளி ஸ்காபறோவில் இருப்பார். வட்ஸ்அப்பில் படம் போகும், "பார்ப்பம்" என்று பதில் வரும், பொங்கல் வந்துவிடும்.

ஐயா, உங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும், அதனால் குழாய் வெடிக்கும் என்று அங்கே குளிர் தொடங்க முன்னமே வெளிக்குழாயை மூடி, தண்ணீரை வடித்து, ஆளில்லாத கட்டடத்திலும் ஹீற்றரைக் குறைவாக ஓடவிடுகிறீர்கள். குழாய் வெடித்த பிறகு பிளம்பரைத் தேடுவதன் செலவு உங்களுக்குத் தெரியும். இங்கே உள்ள உங்கள் சொத்துக்கும் அதே மாதிரி ஒரு பருவம் இருக்கிறது. இங்கே குளிருக்குப் பதில் மழை, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். கூரையும் சிலாப்பும் வெளிச்சுவரும் சொந்தக்காரரின் பொறுப்பு. பீலி துப்பரவாக்குவதும் துளைகளை அடைப்பதும் வாடகைக்காரரின் பொறுப்பு. அவசரத் திருத்தத்துக்கு இன்ன தொகை வரை வாடகைக்காரர் செலவழித்து வாடகையில் கழிக்கலாம். இந்த மூன்றாவது வரி இல்லாததால்தான் ஒரு சீற் மாற்றுகிற வேலை மூன்று மாதம் இழுபடுகிறது.

உள்ளே செய்ய வேண்டியது

றாக்கையின் அடித்தட்டு நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். சுவருக்கும் சரக்குக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், காற்றுப் போகட்டும். அரிசி, சீனி, மா, உரம், சீமெந்து எதையும் வெறும் நிலத்தில் இறக்காதீர்கள். கீழே மரத்தட்டுப் போடுங்கள். கொப்பியும் துணியும் நடுப்பீலிக்கு நேர் கீழே வேண்டாம். அந்த இடத்தில் பிளாஸ்ரிக் சாமானை அடுக்குங்கள். லாச்சியின் அடித்தட்டில் கிடக்கிற கணக்குக் கொப்பி, உறுதி, காப்புறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் மேலே ஏற்றுங்கள், படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் பொயின்றுகளை இடுப்புயரத்துக்கு ஏற்றுங்கள். 30 மில்லியம்பியர் றிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். தண்ணீருக்குள் நின்று மெயின் சுவிச்சில் கை வைக்க வேண்டாம். மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவித்து இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

காப்புறுதி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை வாசியுங்கள். தீக் காப்புறுதி எடுத்தால் வெள்ளமும் புயலும் தானாகச் சேர்ந்துவிடாது. கேட்டுச் சேர்க்க வேண்டும், அதுவும் மழைக்கு முதல்.

வெள்ளம் வந்தே விட்டால், வடிந்த பிறகு வெறுங்காலோடு இறங்கிக் கழுவாதீர்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது மறந்திருக்காது. பூற்ஸும் கையுறையும் போட்டு இறங்குங்கள். சுவருக்கு உடனே பெயின்ற் அடிக்க வேண்டாம். உள்பக்கம் வோட்டர் புரூவ் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். பங்குனி, சித்திரை வெயில் வரை கதவைத் திறந்துவிட்டுக் காயவிடுங்கள். பூத்த உப்பைக் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும்.

சரி, வரிசையில் எல்லாரும் சம்மதித்து, ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமையில் கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்து, பீலியும் கானும் ஒரே நாளில் முடித்துவிடலாம். செலவைப் பங்கிட்டால் ஆளுக்கு வரும் காசு ஒரு நாள் வியாபாரத்தில் உறைக்காது. "பக்கத்துக் கடைக்காரன் ஒரு சதமும் தரமாட்டான், அண்ணை, பிறகு என்ன செய்யிறது?" என்று கட்டாயம் கேட்பீர்கள். அவருடைய பாதிப் பீலியையும் சேர்த்து நீங்களே வழித்துவிடுங்கள். அவருக்கு அது சும்மா கிடைக்கிறதே என்று வயிறு எரியும்தான். எரியட்டும். அடைத்தால் தண்ணீர் இறங்கப்போவது உங்கள் சுவரில்.